எல்லாம் உள்ளே வைத்த சிடி

பயந்தவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, பயந்து ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. இரண்டாவது வகை, பயந்துபோய் எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து வைத்துவிடுவார்கள். ஊரில் நடக்கிற விபத்தில் பாதி இவர்களால் நடப்பது. நான் இரண்டாவது வகை.

கடலூருக்குப் பக்கத்தில் தாழங்குடாவில், மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தேன். அப்பா, பெரியப்பா, அண்ணன் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். எனக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது. (குளிக்கிற தண்ணீர் பரவாயில்லை.) பத்து வயதில் ஒரு தடவை அப்பா என்னைப் போட்டில் ஏற்றினார். கூப்பிடு தூரம் போவதற்குள் டீசல் பார்த்தீங்களா, கயிறு பார்த்தீங்களா, மோட்டார் நின்னுட்டா யாரைக் கூப்பிடுவீங்க என்று கேட்டுக்கொண்டே வந்தேனாம். அப்பா போட்டைத் திருப்பி, என்னைக் கரையில் இறக்கிவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "இவன ஏத்திக்கினு போனா மீனுக்கே பயம் வந்துடும்."

படிப்பும் அதே கதைதான். பத்தாவது கணக்குப் பரீட்சையன்று ஹால் டிக்கெட்டை எடுத்தோமா என்று வழியில் நாலு தடவை பையைத் திறந்து பார்த்தேன். ஐந்தாவது தடவை பார்க்க ஓரமாக நின்றபோது பஸ் போய்விட்டது. ஹால் டிக்கெட் பத்திரமாக இருந்தது. பரீட்சைதான் எழுதவில்லை. அட்டெம்ப்ட் அடிக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். மறுபடியும் பஸ் போய்விட்டால் என்ன செய்வது என்று நான் போகவில்லை.

பாஸ்கர் மாமா அம்மாவுக்குத் தூரத்துத் தம்பி முறை. மஞ்சக்குப்பத்தில் மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். "அக்கா, இவன எங்கிட்ட உடு. கம்ப்யூட்டருக்கு இந்த மாதிரி சந்தேகப் புத்திதான் வேணும்" என்று அழைத்துப் போனார். அது மட்டும் உண்மை. கம்ப்யூட்டரை அணைப்பதற்கு முன்னால், நிஜமாகவே அணைக்கட்டுமா என்று அது திருப்பிக் கேட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக என்னை மாதிரி ஒருத்தரைப் பார்த்தேன்.

நான் சொல்லப்போவது 2005-இல் ஆரம்பித்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

அந்த வருஷங்களில் கம்ப்யூட்டருக்கு ஒரு வியாதி இருந்தது. புதிதாக விண்டோஸ் போட்டு இன்டர்நெட்டில் சேர்த்த கொஞ்ச நேரத்துக்குள் ஒரு வைரஸ் உள்ளே நுழைந்துவிடும். திரையில் ஒரு பெட்டி வரும். இன்னும் அறுபது வினாடியில் நின்றுவிடுவேன் என்று சொல்லி, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு என்று எண்ண ஆரம்பிக்கும். சொன்னபடி நின்றும் விடும். இதற்கு மருந்து உண்டு, அப்டேட் என்று பெயர். அதை இன்டர்நெட்டில்தான் இறக்க வேண்டும். இன்டர்நெட்டில் சேர்த்தால் வைரஸ் வந்துவிடும். மருந்துக்கடைக்குப் போகிற வழியிலேயே நோய் உட்கார்ந்துகொண்டு இருந்தது.

சிதம்பரம் வடக்கு வீதியில் ஒரு டி.டி.பி. சென்டர் எங்கள் வாடிக்கை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, படிக்கிற பிள்ளைகளின் பிராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் அங்கே அடிப்பார்கள். பிள்ளைகள் கொண்டுவருகிற ஃப்ளாப்பியில் பிராஜெக்டைவிட வைரஸ் ஜாஸ்தி. முதல் முறை அங்கிருந்து போன் வந்தபோது எடுத்தவன் நான்தான்.

"ஏங்க, கம்ப்யூட்டர் எண்ணுதுங்க" என்றது ஒரு பெண் குரல்.

"எவ்ளோ வரைக்கும் எண்ணுது?"

"இப்ப முப்பத்தெட்டு. இருங்க, மாப்பிள்ளை பேர அடிச்சிட்டு வரேன்."

டக டகவென்று சத்தம் கேட்டது. பிறகு, "அடிச்சிட்டேன். சேவ் பண்ணிட்டேன். நின்னுடுச்சி. நீங்க எப்ப வர்றீங்க?" என்றாள்.

அவள்தான் வளர்மதி. அந்தக் கடை அவள் சித்தப்பாவுடையது. கம்ப்யூட்டர் அறுபதிலிருந்து எண்ணத் தொடங்கினால் நானாக இருந்தால் வாசலுக்கு ஓடியிருப்பேன். அவள் அதற்குள் மணமகன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் மூன்றையும் அடித்து முடிப்பதை ஒரு விளையாட்டாக வைத்திருந்தாள். பயமே இல்லாத ஒருத்தரை அவ்வளவு கிட்டத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. (எங்கள் வீட்டு ஆம்பிளைகளைச் சேர்க்கவில்லை. அவர்கள் பயப்படாததற்குக் காரணம் யோசிக்காதது.)

பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை அந்தக் கம்ப்யூட்டர் படுத்தது. பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை நான் சிதம்பரம் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர். வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வேன். பாலம் இடிந்தால் என்ன ஆகும் என்று நான் நினைக்காமல் கடந்த ஒரே பாலம் அதுதான்.

நான் விண்டோஸ் போடுகிற நேரமெல்லாம் வளர்மதி பக்கத்தில் உட்கார்ந்து புரூஃப் பார்ப்பாள். பெயர்களை வாய்விட்டுப் படிப்பாள். யார் யாருடைய பெயரோ. "திருநிறைச்செல்வன்" என்று அவள் நிறுத்தும்போது, அடுத்து யார் பெயர் வருமோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு முருகானந்தம்தான் வந்தான். தப்பாக அச்சான பத்திரிகைகளை, பின்பக்கம் எழுதிக்கொள்ள எனக்குக் கொடுப்பாள். என்னிடம் பேசினதெல்லாம் சாதாரணப் பேச்சுதான். சாப்டீங்களா, பஸ்ல கூட்டமா, உங்க ஊர்ல நெத்திலி வருதா. திரும்பி வரும்போது அந்த மூன்று கேள்வியையும் புதுச்சத்திரம் வரைக்கும் மறுபடி மறுபடி எடுத்துப் பார்ப்பேன்.

ஒரு நாள் அவள் சொன்னாள்: "ஒவ்வொரு தடவையும் நீங்க வந்து போட்டுட்டுப் போறீங்க, நான் நெட்ல சேத்ததும் திரும்ப வந்துடுது. பாவமா இருக்குங்க, உங்களப் பாத்தா."

அந்தப் பாவத்தை அவள் படக்கூடாது என்று முடிவு செய்தேன்.

ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் வழி இருந்தது. அப்டேட்டைப் பிறகு இறக்காமல், விண்டோஸ் சிடிக்குள்ளேயே முதலில் சேர்த்துவிடுவது. சர்வீஸ் பேக் என்கிற பெரிய மூட்டை, அதற்குப் பின்னால் வந்த சின்னச் சின்ன அப்டேட்கள் எல்லாவற்றையும் உள்ளே வைத்து, புதிதாக ஒரு சிடி எழுதிக்கொள்ளலாம். அதைப் போட்டால் கம்ப்யூட்டர் பிறக்கும்போதே தடுப்பூசியோடு பிறக்கும். படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உலகத்தில் எங்கேயோ என்னைப்போல ஒருத்தன் உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்திருக்கிறான்.

ஆறு பக்கம், முழுக்க இங்கிலீஷ். டிக்ஷனரி வைத்துக்கொண்டு ஒரு மாசம் படித்தேன். எந்த அப்டேட்டுக்குப் பிறகு எந்த அப்டேட் என்று வரிசை உண்டு. மாறினால் கெட்டது. ஒவ்வொன்றுக்கும் பெயரில்லை, வெறும் நம்பர். அவள் கொடுத்த பத்திரிகைகளின் பின்பக்கத்தில் அந்த நம்பர்களை வரிசையாக எழுதினேன். முன்பக்கம் யாருடைய கல்யாணமோ, பின்பக்கம் என் அப்டேட். முதல் பதினோரு சிடி பாழ். பாதியில் நிற்கும், கம்ப்யூட்டர் செத்துப்போனதற்கு அடையாளமான நீலத்திரை வரும், அல்லது ஒன்றுமே வராது. பாழான சிடிகளை அம்மா கயிற்றில் கோத்து, கருவாடு காய்கிற இடத்தில் காக்காய் விரட்டக் கட்டினாள். எங்கள் தெருவில் எங்கள் கருவாடு மட்டும் ஜொலித்தது.

பன்னிரண்டாவது சிடி ஓடியது. ஆனால் எனக்குத் திருப்தியில்லை. விண்டோஸ் போடும்போது நடுநடுவே கேள்வி கேட்கும். எந்த நாடு, என்ன நேரம், உங்கள் பெயர் என்ன. நான் இல்லாத நேரத்தில் வளர்மதி தனியாகப் போட நேர்ந்து, எதையாவது தப்பாக அழுத்திவிட்டால்? அதற்கும் வழி இருந்தது. பதில்களை முன்கூட்டியே எழுதி சிடியில் வைத்துவிட்டால், கேட்காது. பெட்டியில் ஒட்டியிருக்கிற நம்பரை மட்டும் கேட்கும், மற்றது தானே நடக்கும்.

நாடு எழுதினேன். நேரம் எழுதினேன். பெயர் என்று ஒரு கட்டம் வந்தது. காலியாக விட்டால் மேலே போகாது.

முதலில் என் பெயரை அடித்தேன். ஏதாவது தப்பாகிவிட்டால் நேரே என்னைத்தானே பிடிப்பார்கள் என்று அழித்தேன். மாமா பெயரை அடித்தேன். மாமா பார்த்தால் திட்டுவார் என்று அழித்தேன். அப்புறம் என் விரல் தானாகப் போய் VALARMATHI என்று அடித்தது. அவள் கம்ப்யூட்டருக்குத்தானே போடுகிறோம், நியாயம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த கட்டத்தில் நிறுவனம் என்று கேட்டது. சிதம்பரம் என்று போட்டேன். கம்ப்யூட்டருக்குப் பெயர் கேட்டது. அதற்கும் வளர்மதி. பாஸ்வேர்டு கேட்டது. அவளுக்கு மறக்கக் கூடாதே என்று அவள் கடை போன் நம்பரையே வைத்தேன்.

ஒரு சிடி கீறல் விழுந்துவிட்டால்? ஆறு காப்பி போட்டேன். ஒன்றை வீட்டில், ஒன்றைப் பையில், இரண்டைக் கடை மேசை டிராயரில், இன்னும் இரண்டை எங்கே என்று எனக்கே தெரியாத இடங்களில் வைத்தேன். அட்டையில் 'எக்ஸ்பி, எல்லாம் உள்ளே' என்று மட்டும் எழுதினேன். பெயர் எழுத வெட்கமாக இருந்தது.

வடக்கு வீதியில் அந்தச் சிடியைப் போட்டபோது, அந்த நம்பரைத் தவிர ஒரு கேள்வியும் கேட்காமல் ஓடி முடித்து, வரவேற்புத் திரையில் அவள் பெயரோடு வந்து நின்றது. வளர்மதி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"என் பேரு வருது!"

"ம்."

"எனக்குன்னே பண்ணீங்களா?"

"ஆமா. இல்ல. அதாவது, யாருக்குப் போட்டாலும் அவுங்க அவுங்க பேரு வரும்."

"ஓகோ" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஆலப்பாக்கம் வரை கொண்டுபோனேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு நானே என்ன செய்துகொண்டேன் என்று புரிந்தது. பத்து நாள் ஆயிற்று, போன் வரவில்லை. இருபது நாள். ஒரு மாசம். சிடி அவ்வளவு நன்றாக இருந்தது. வைரஸ் வந்து கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. கடையில் போன் அடித்தால் முதலில் ஓடுவேன். எப்போதும் வேறு யாராவதுதான். கடவுளே, ஒரு சின்ன வைரஸ், பெரிசு வேண்டாம், பிரிண்டரை மட்டும் தொட்டால் போதும் என்று வேண்டிக்கொண்ட கம்ப்யூட்டர்காரன் நான் ஒருத்தன்தான் இருப்பேன். ரெண்டு தடவை 'சும்மா செக்கப்' என்று போனேன். இரண்டாவது தடவை அவள் சித்தப்பா, "நல்லாத்தாம்பா ஓடுது. எதுக்கு வெயில்ல அலையற?" என்று மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். இரண்டு தடவையும் வளர்மதி கோயிலுக்குப் போயிருந்தாள்.

இப்படி மூன்று மாசம். அப்போதுதான் மாமாவுக்கு ஒரு பெரிய வேலை கிடைத்தது. சிதம்பரத்துக்கு வெளியே ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் புது கம்ப்யூட்டர் லேப். இருபது கம்ப்யூட்டர். அந்த வாரம் முழுக்க நான் குடிகாட்டில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலையாக இருந்தேன். திறப்பு விழா அன்று நேரே பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார். போனேன்.

மாமா வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி நின்றார். என்னைப் பார்த்ததும் தோளில் தட்டினார். "டேய், உன் சிடி சிடிதான்டா! ரெண்டே நாள்ல இருபது பொட்டியும் முடிச்சிட்டேன். ஒரு கேள்வி கேக்கல."

"எந்தச் சிடி மாமா?"

"டிராயர்ல இருந்திச்சே. எல்லாம் உள்ளேன்னு எழுதி."

"மாமா, அதுல ஒரு பேரு வந்திருக்குமே?"

"வந்திச்சி. யாரோ டீச்சர் பேரு போலிருக்கு, ஸ்கூல்லருந்து குடுத்திருப்பாங்க, நீ போட்டிருக்கேன்னு நெனச்சேன். பாஸ்வேர்டு கேட்டிச்சி, நீ வந்து அடிச்சுக்குவேன்னு விட்டுட்டேன்."

நான் லேப் பக்கம் ஓடினேன். அதற்குள் ரிப்பன் வெட்டியாகிவிட்டது. சீஃப் கெஸ்ட் ஒரு ரிட்டயர்டு அதிகாரி, முதல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். மற்றப் பத்தொன்பதிலும் பிள்ளைகள். ஓரமாகப் பெற்றோர்கள். கதவருகில், பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சர்டிபிகேட் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு வளர்மதியும், அவள் சித்தப்பாவும். அழைப்பிதழ், சர்டிபிகேட் எல்லாம் அவர்கள் கடையில் அச்சடித்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்று மாசத்துக்குப் பிறகு அவளைப் பார்க்கிறேன். பச்சைப் புடவை. என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

தாளாளர் மெயின் சுவிட்சைப் போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள்.

இருபது திரையும் ஒன்றாக வெளிச்சமானது. இருபதிலும் Valarmathi. கீழே, பாஸ்வேர்டு கேட்டு ஒரு வெள்ளைக் கட்டம்.

கைதட்டல் மெல்ல நின்றது. தாளாளர் முதல் வரிசையைப் பார்த்தார், கடைசி வரிசையைப் பார்த்தார். "வளர்மதி யாரு?" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எங்கம்மா சார்" என்றேன்.

"அக்கா பேரு அஞ்சலாட்சி இல்லடா?" என்றார் மாமா. ரகசியமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு கேட்டார். மாமாவின் ரகசியம் எங்கள் கடை மாடியிலிருந்து தெருமுனை வரை கேட்கும்.

தாளாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, அது யாரா வேணா இருக்கட்டும். பாஸ்வேர்டு சொல்லுங்க, சாருக்கு அடுத்த ஃபங்ஷன் இருக்கு."

"நானே ஒவ்வொண்ணா போய் அடிச்சிடறேன் சார்."

"இருபதையும் அடிச்சி முடிக்கறதுக்குள்ள சாயந்திரம் ஆயிடும். சத்தமா சொல்லுங்க, பிள்ளைங்க அடிக்கட்டும்."

சொன்னேன். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி கோரஸாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே அடித்தார்கள். நான் என் வாழ்க்கையில் மைக் இல்லாமல் அவ்வளவு பேருக்குக் கேட்கப் பேசியது அன்றைக்கு மட்டும்தான். கடைசி எண் முடிந்ததும் இரண்டாவது வரிசையில் ஒரு பெண்குழந்தை எழுந்து நின்று, அழைப்பிதழைத் தூக்கிக் காட்டி, "சார், இந்த நம்பர் இதுல கீழ இருக்கு சார்!" என்றது. நல்ல மார்க் வாங்குகிற குழந்தையாக இருக்க வேண்டும்.

அழைப்பிதழின் அடியில், அச்சிட்டவர் என்று சின்ன எழுத்தில் வடக்கு வீதிக் கடையின் பெயர். பக்கத்தில் போன் நம்பர்.

போதாததற்கு, கம்ப்யூட்டர்கள் உள்ளே போனதும் ஒவ்வொன்றாக மணியடித்து ஒரு பெட்டியைக் காட்டின. இதே பெயரில் நெட்வொர்க்கில் இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கிறது என்றன. உண்மைதான். ஒரே அறையில் இருபது வளர்மதி இருந்தால் எந்த வளர்மதிதான் ஒத்துக்கொள்வாள்? டிங், டிங், டிங் என்று வரிசையாக அடித்தது. சீஃப் கெஸ்ட் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

அவள் சித்தப்பா முகம் இறுகிவிட்டது. "தம்பி, என்ன இது?"

அவளுக்கு இது சொந்த ஊர், கோயில் வீதியில் நாலு பேருக்குத் தெரிந்த குடும்பம், கல்யாணத்துக்கு இருக்கிற பெண். என் பயம் எல்லாவற்றிலும் இந்த ஒரு பயம் மட்டும் என் பட்டியலில் இல்லாமல் போயிருந்தது.

வளர்மதி சர்டிபிகேட் கட்டைப் பக்கத்து மேசையில் வைத்தாள். "நம்ம கடை கம்ப்யூட்டருக்குன்னு செஞ்ச சிடி சித்தப்பா. மாத்தி இங்க போட்டுட்டாங்க. பேர மாத்தினா சரியாயிடும்" என்றாள். அறுபது வினாடியில் மூன்று பெயர் அடிக்கிறவள், அந்த அறையைப் பத்து வினாடியில் சரிசெய்தாள். பெற்றோர்களில் ஒருத்தர் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். தாளாளர், "நல்லவேளை, எங்க ஸ்கூலுக்கு ஓனர் மாறிடுச்சின்னு நெனச்சேன்" என்றார். எல்லோரும் காபி சாப்பிடப் போனார்கள். மாமா போகும்போது என் முதுகில் தட்டினார். இந்த முறை வேறு மாதிரி.

பெயரை மாற்ற நான் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தேன். வளர்மதி கேட்காமலேயே மறுமுனையில் உட்கார்ந்தாள். எப்படி என்று ஒரு தடவை சொன்னேன், போதும். வளர்மதி என்று இருந்ததை அழித்துவிட்டு லேப்-1, லேப்-2 என்று அடிக்க வேண்டும். அவள் தன் பெயரைத் தானே அழித்துக்கொண்டு வந்தாள். நான் ஒன்பதாவதில் தயங்கித் தயங்கி இருந்தபோது அவள் பக்கத்து நாற்காலிக்கு வந்துவிட்டாள்.

"பேரு போடலன்னா மேல போவாதா?" என்று கேட்டாள். திரையைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள்.

"போவாது."

"எந்தப் பேரு போட்டாலும் போவுமா?"

"போவும்."

விரல் நின்றது. "அப்ப எதுக்கு என் பேரு?"

வெளியில் காபி டம்ளர் சத்தம். ஜன்னலில் வேப்பமரம். இதற்கான பதிலை மூன்று மாசமாக பஸ்ஸில் உட்கார்ந்து எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் முன்கூட்டியே உள்ளே வைக்கத் தெரிந்தவன், இதை மட்டும் வைத்திருக்கவில்லையா என்றால், வைத்திருந்தேன். ஆனால் சித்தப்பா காபி டம்ளரோடு கதவருகில் வந்து நின்றிருந்தார். நான் பத்தாவது எழுதாதவன், அவள் படித்தவள். எங்கள் தெருவும் அவள் தெருவும் எந்த அப்டேட்டிலும் ஒன்றுசேராது என்று தோன்றியது. அவள் சரியென்று சொல்லிவிட்டாலும் பயம், இல்லையென்று சொன்னாலும் பயம்.

"சும்மாதான்" என்றேன். "ஏதோ ஒரு பேரு போடணும்ல."

அவள் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "சரி" என்றாள். மிச்சமிருந்ததை அதுவரை அடித்ததைவிட வேகமாக அடித்து முடித்தாள். எழுந்துபோய்ச் சர்டிபிகேட் கட்டை எடுத்துக்கொண்டாள்.

நீலத்திரையெல்லாம் நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அந்தச் 'சரி' மாதிரி ஒன்று பார்த்ததில்லை.

அவள் கம்ப்யூட்டர் அதற்குப் பிறகும் கெடவே இல்லை. மறுவருஷம் ஆவணியில் கடை விலாசத்துக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. மாப்பிள்ளை குமராட்சிப் பக்கம், மினி பஸ் வைத்திருக்கிறார். திருநிறைச்செல்வி என்று போட்டு, பக்கத்தில் அந்தப் பெயர். அவளே அடித்தது என்று பார்த்ததும் தெரிந்தது. ஒரு எழுத்துகூட நெருக்கமில்லாமல், தாத்தா பெயருக்குக்கூட மூச்சுவிட இடம் கொடுத்திருந்தாள். லேட்டாகிவிடக் கூடாது, மண்டபம் எங்கே என்று பார்த்துவைத்துக்கொள்ளலாம் என்று நான் முந்தின நாளே போனேன். வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். மறுநாள் போகவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இது என் சொந்தக் கதையாகவே இருந்திருக்கும். குடும்பக் கதையானது 2009-இல், திருவந்திபுரத்தில், என் கல்யாணத்தன்று.

தாலி கட்டி முடித்து, நானும் என் மனைவி கலைச்செல்வியும் மாலையோடு மண்டப ஆபீசுக்குப் போனோம். கல்யாணத்தைப் பதிய ஒரு சீட்டு அச்சடித்துத் தருவார்கள். மண்டப மேனேஜர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "மாப்ள, நீங்க கம்ப்யூட்டர்காரராமே? காலையிலருந்து உசுரே வரல. ஒரு கை பாருங்களேன்."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேசைக்கடியில் புகுந்தேன். ஒயர்தான் லூஸ். அழுத்தினேன். எழுந்து நின்றேன். திரை வெளிச்சமானது.

Valarmathi.

பாஸ்கர் மாமா என் சிடியைக் காப்பி போட்டு எத்தனை பேருக்குக் கொடுத்தார், அவர்கள் எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அது மாவட்டம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அய்யய்யோ, பாஸ்வேர்டு எழுதின சீட்டக் காணமே" என்று மேனேஜர் டிராயரைக் குடைந்தார். அவர் குடைந்து முடிப்பதற்குள் என் விரல்கள் அடித்து முடித்துவிட்டன. நான் கீபோர்டைப் பார்க்கக்கூட இல்லை.

கலைச்செல்வி பார்த்தாள். திரையைப் பார்த்தாள், என் விரலைப் பார்த்தாள். கல்யாணமாகி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"யாருங்க அது?"

அந்தப் பழைய பதில் நாக்கு நுனி வரை வந்தது. சும்மாதான், ஏதோ ஒரு பேரு. வியர்வை மாலையை நனைத்தது. ஆனால் என்ன ஆயிற்றென்று தெரியவில்லை, நான் உள்ளதைச் சொல்லிவிட்டேன். பந்தியில் இலை போட்டு, ரசம் வருவதற்குள் முழுக்கச் சொல்லிவிட்டேன். சிதம்பரத்தில் சொல்லியிருக்க வேண்டியதை, மூன்று வருஷம் கழித்து, வேறொருத்தியிடம், அப்பளம் நொறுங்கச் சொன்னேன்.

கலைச்செல்வி கையைக் கழுவிவிட்டு வந்துதான் பேசினாள். "அந்தப் பொண்ணு வாயத் திறந்து கேட்டிருக்கு. நீங்க ஏதோ ஒரு பேருன்னுட்டு வந்திருக்கீங்க."

"ஆமா."

"எங்கிட்ட எப்பவாச்சும் அப்படிச் சொன்னீங்க, அப்ப தெரியும்" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அவள் தங்கச்சிக்குச் சொன்னாள், தங்கச்சி என் மச்சானுக்குச் சொன்னாள், மச்சான் பந்தி முழுக்கச் சொன்னான். சாயந்திரத்துக்குள் எங்கப்பாவுக்கு வந்துவிட்டது. கடலே பரவாயில்லை என்றாராம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதற்குப் பெயர் வைத்தாலும் இதுதான். மச்சான் புதுப் போட் வாங்கி, என்ன பேர் எழுதலாம் என்று என்னிடம்தான் முதலில் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் மொத்தக் குடும்பமும் சேர்ந்து, "ஏதோ ஒரு பேரு போடணும்ல!" என்றது. எங்கள் மகள் பிறந்து, ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா பிறப்புச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்து குழந்தை பேரு என்ன என்று கேட்டபோதும் அதேதான். கலைச்செல்வி படுத்த படுக்கையில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முதல் ஆளாகச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

நானும் சிரித்தேன். எப்போதும் அவர்கள் சிரித்து முடிக்கிற நேரத்தில்தான் எனக்குச் சிரிப்பு வரும். நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். அதை இதுவரை கலைச்செல்வி மட்டும்தான் கவனித்திருக்கிறாள். கவனித்துவிட்டு, எனக்காகக் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்துவைப்பாள்.